தலைகுந்தாவில் செல்ஃப் எடுக்காத கார்

போன ஜனவரியில் ஒரு நாள், விடியற்காலை நாலே முக்காலுக்கு ஈரோட்டு நண்பனிடமிருந்து போன் வந்தது. எங்கள் ஊட்டிக்கு ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு வந்து, தலைகுந்தா பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான்.

"டேய், வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுடா. பத்தரைக்கு அம்மாவ கோயமுத்தூர்ல கண் டாக்டர்கிட்ட காட்டணும்."

அவன் பேசும்போதே பின்னால் கிர்ர்... கிர்ர்... என்ற சத்தம் கேட்டது. அவன் தம்பி சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். "முதல்ல அதை நிறுத்தச் சொல்லு. சாவியை எடுத்துடு. ஹெட்லைட், பாட்டு, உள்ளே எரியுற லைட்டு எல்லாத்தையும் அணைச்சுடு. நான் வர்றேன்" என்றேன். குளிரில் பேட்டரிக்கு மிச்சமிருக்கும் கொஞ்சம் சக்தியையும் இப்படி அடித்து அடித்துத்தான் பலர் தீர்த்துவிடுகிறார்கள். வெயில் ஊரில் தாங்கும் பேட்டரி இங்கே பூஜ்ஜியம் டிகிரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்து நிற்கும். என்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடுவதால் சுழற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டும். பழைய பேட்டரியாக இருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரன்ட் கொடுக்கும் ஜம்பர் கேபிள், டார்ச், பத்தாம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், வோல்ட் பார்க்க மல்டிமீட்டர், ஒரு கம்பளி, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர். இவ்வளவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஃபிங்கர்போஸ்ட் தாண்டியதுமே வண்டியின் டிஸ்பிளேயில் வெளி வெப்பம் 1 டிகிரி என்று காட்டியது. அன்று வானம் துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது, காற்று இல்லை. இப்படிப்பட்ட இரவில்தான் உறைபனி விழும். நவம்பர் வாக்கில் நீர்ப்பனியாக ஆரம்பிப்பது, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறிவிடும். தலைகுந்தா புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியது போல வெளுத்துக் கிடந்தது. மரநிழல் விழும் வளைவுகளில் தார் ரோடு கண்ணாடி மாதிரி மின்னியது. அங்கெல்லாம் பிரேக்கைத் தொடாமல் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தேன்.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு விஷயங்கள் நடக்க இருந்தன. ஒன்று, தம்பியும் இன்னும் இரண்டு பேரும் காரைச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்யத் தயாராக நின்றார்கள். கீழே உறைந்த புல், அதற்கப்பால் பள்ளம். என்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், பிரேக்கும் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு இறுகிப்போகும். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டயருக்குக் கல் கொடுக்கச் சொன்னேன். இன்னொன்று, வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனதோடு ஒரு வாளி கொதிக்கும் தண்ணீரை முன் கண்ணாடியில் ஊற்றக் கொண்டுவந்தார். உறைந்த கண்ணாடி மேல் சுடுதண்ணீர் பட்டால் சட்டென்று விரிசல் விடலாம். அந்த வாளியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

"அம்மா எங்கே?" என்று கேட்டேன். குளிர் தாங்கவில்லை என்று அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், வாட்ச்மேன் கரி நெருப்பு கொண்டுவந்து கொடுத்தார், கதவைச் சாத்திக்கொண்டு இதமாக இருக்கிறார்கள் என்றான் நண்பன். எனக்கு அதற்கு மேல் பேட்டரி ஞாபகமே வரவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரும்புச் சட்டியில் கரி நன்றாகக் கனிந்து, புகையே இல்லாமல் சிவந்து கிடந்தது. ஜன்னல் இடுக்கில்கூட துணி செருகியிருந்தார்கள். அம்மாவும் நண்பனின் மனைவியும் போர்வைக்குள் இருந்தார்கள். "லேசா தலை பாரமா இருக்குது கண்ணு, குளிர்தான்" என்றார் அம்மா. குளிர் இல்லை. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. புகை இல்லையே என்று நம்பித்தான் தூங்குவார்கள். ஊட்டியில் இப்படித் தூங்கி எழாமல் போனவர்கள் உண்டு. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, சட்டியை வெளியே தூக்கி வைத்து, இரண்டு பேரையும் என் காரில் உட்கார வைத்துக் கம்பளியைப் போர்த்தினேன். காற்றோட்டமான இடத்தில் கொஞ்ச நேரம் இருந்ததும் அம்மாவின் தலைபாரம் குறைந்தது. தலைசுற்றல், வாந்தி என்று எதுவும் வந்திருந்தால், காரை அங்கேயே விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பேன்.

அப்புறம்தான் பானெட்டைத் திறந்தேன். பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்துக் கிடந்தது. மல்டிமீட்டரை வைத்தால் 11.4 வோல்ட். நல்ல பேட்டரி 12.6 காட்ட வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா, எங்காவது வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. இருந்திருந்தால் கேபிளையே தொட்டிருக்க மாட்டேன். டெர்மினலைக் கழற்றி, பிளாஸ்க் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றிக் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினேன்.

கேபிளை எந்த வரிசையில் மாட்டுகிறோம் என்பது முக்கியம். முதலில் சிவப்பை இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை என் பேட்டரியின் பிளஸ்ஸில் போட வேண்டும். பிறகு கறுப்பை என் பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை அவன் பேட்டரியில் போடக் கூடாது, தள்ளியிருக்கும் என்ஜின் இரும்பில்தான் போட வேண்டும். ஏனென்றால் கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு பக்கத்திலேயே இருக்கும்.

மாட்டிவிட்டு என் வண்டியை ஓடவிட்டேன். அவனுடையது டீசல், என்னுடையது சின்னப் பெட்ரோல் வண்டி. இரண்டுக்கும் 12 வோல்ட்தான் என்பதால் பயமில்லை, ஆனால் உடனே இழுக்கும் பலம் என் பேட்டரிக்கு இல்லை. அதனால் பத்து நிமிடம் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி காத்திருந்தேன். நண்பனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. மணி ஆறு. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் வெறும் 'டிக்'. அவன் முகம் விழுந்துவிட்டது. நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு கிளிப்பைப் பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் மாட்டியிருந்தேன். பெயின்ட் மேல் கரன்ட் எங்கே போகும்? என்ஜினைத் தூக்குவதற்காக வைத்திருக்கும் கொக்கியைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்ததும் அங்கே கடிக்க வைத்தேன்.

இந்தத் தடவை, டீசல் என்ஜினை உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்குக்கும் நேரம் கொடுக்கச் சொன்னேன். சாவியை ஆன் வரைக்கும் திருப்பி, டேஷ்போர்டில் சுருள் மாதிரி எரியும் லைட் அணையும்வரை காத்திரு, ஆஃப் செய், இன்னொரு முறை அதையே செய், அப்புறம் செல்ஃப் அடி. அப்படியே செய்தான். இரண்டு சுற்று திணறி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பின்னால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து உறைபனி மேல் படிந்தது. அம்மா காருக்குள்ளிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

மாட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் கேபிளைக் கழற்றினேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். அப்படியானால் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் போய்விட்டது என்று நிம்மதியானது. முன் கண்ணாடியில் படிந்த பனியை ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டி எடுத்தோம். உள்ளே ஹீட்டர் காற்று பட்டதும் மிச்சமும் இளகியது.

கிளம்பும்போது அவனிடம் சொன்னது இதுதான்: குன்னூர் வழியா இறங்கு, எங்கேயும் என்ஜினை அணைக்காதே. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினால் ஒருத்தர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கணும். கோயமுத்தூர் போனதும் அம்மாவை இறக்கிவிட்டுட்டு நேரே பேட்டரிக் கடைக்குப் போ.

பத்தே காலுக்கு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று போன் செய்தான். மதியம் மறுபடி கூப்பிட்டான். பழைய பேட்டரி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனதாம், கடைக்காரர் லோடு வைத்துப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டாராம். கூடவே ஒரு ஜோடி ஜம்பர் கேபிளும் வாங்கிவிட்டான். அம்மா போனை வாங்கி, "அந்தக் காவக்காரத் தம்பிகிட்ட கரிச்சட்டி ஆகாதுன்னு சொன்னியா கண்ணு?" என்று கேட்டார்.

அவசரத்தில் சொல்லவில்லை. சாயங்காலம் மறுபடி தலைகுந்தா போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட அவருடைய அறை, நாலடிக்கு ஆறடி இருக்கும். மூலையில் அதே சட்டி, ராத்திரிக்கு வேண்டிய கரியோடு தயாராக இருந்தது. "நாலு வருஷமா இதை வெச்சுத்தான் தூங்குறேன் சார்" என்றார். அவர் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே, காற்றுபடும் இடத்தில் வைத்தார். காரிலிருந்த கம்பளியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.