மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை

இங்கிலாந்தின் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பால் நாஷின் பெயர் முதலில் வந்துவிடும். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் அவரிடம் பயின்ற எரிக் ராவிலியஸை (1903–1942) மட்டும், கிராமத்தை அழகாக வரைந்தவர் என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் அவர் படங்கள் நன்றாக விலைபோவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் 1940-இல் முடித்த ரயில் பெட்டிப் படத்தைச் சற்று நேரம் பார்த்தால் இந்த முடிவு நிற்காது. ஆளில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டி. கதவில் '3' என்ற எண், ஜன்னலை ஏற்றி இறக்குவதற்கான தோல் வார், பூவேலை செய்த இருக்கை மெத்தை. கண்ணாடிக்கு வெளியே, வில்ட்ஷயரின் வெஸ்ட்பரியில் மலைச்சரிவில் புல்லை அகற்றி அடியிலுள்ள சுண்ணாம்பு தெரிய உருவாக்கிய வெள்ளைக் குதிரை உருவம், மெத்தைத் துணிக்குக் கிடைத்த அக்கறைக்கு மேல் தனிச் சலுகை எதுவும் பெறாமல் நிற்கிறது. ஓராண்டுக்கு முன் அதே குதிரையை மலைமேல் நின்று வரைந்தபோது, கீழே தொலைவில் சிறியதாக ஒரு ரயிலை ஓடவிட்டிருந்தார். இந்தப் பெட்டிப் படமோ அவருக்கு நிறைவளிக்காத இரண்டு ஓவியங்களை அவர் மனைவி டிர்ஸா கார்வுட் வெட்டி இணைத்ததால் உருவானது. இதை வெறும் ஊர்ப்பாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய நீர்வண்ண முறையும் தனியானது. ஈரம் குறைந்த தூரிகையால் நெருக்கமான கோடுகளை இழுத்து, இடையிடையே காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டுவிடுவார். மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்துப் பழகிய கை அது. அங்கே செதுக்கிய இடம்தான் வெள்ளையாகப் பதியும். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் புல்லையும் மண்ணையும் அகற்றினால் வெள்ளை தெரியும், அப்படித்தான் இந்தக் குதிரைகளே உருவாயின. அவருக்கு இந்த நிலம் இவ்வளவு பொருந்திப்போனதில் எனக்கு வியப்பில்லை.

சசெக்ஸில் ஓவியர் பெகி ஆங்கஸின் குடிசையில் தங்கியிருந்த நாட்களில், புல்மேடுகளோடு நிற்காமல் அருகிலிருந்த ஆஷம் சிமெண்ட் ஆலையையும் அவர் விரும்பி வரைந்தார். வில்மிங்டன் குன்றின் சரிவில் வெள்ளைக் கோடுகளாகத் துலங்கும் நெடிய மனித உருவத்தை 1939-இல் வரைந்தபோது, முன்னால் ஓடும் கம்பி வேலியை அழகுக்காக அவர் நீக்கவில்லை. பார்வையாளர் வேலிக்கு இப்பால் நின்றுதான் உருவத்தைக் காண வேண்டியிருக்கிறது. போர்க்காலத்தில் எதிரி விமானிகளுக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று அந்த உருவத்துக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள்.

அவர் வளர்ந்த ஈஸ்ட்போர்னிலுள்ள டவுனர் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் ஏராளமாக உள்ளன. ரயில் பெட்டிப் படம் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலும் வில்மிங்டன் படம் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. நீர்வண்ணங்கள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் இவற்றை எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. ஆகவே காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.