சாக்ஸபோனில் வரி கேட்காது

கேரள எல்லையோரம் பாறசாலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. சாக்ஸபோனில் முகாரி ராகத்தில் ‘என்றைக்கு சிவகிருபை வருமோ’ வாசித்துக்கொண்டிருந்தேன். அனுபல்லவிக்குப் போகும் முன்பே கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து, “சாரே, தெரிஞ்ச பாட்டா வாசிங்க” என்றார். அதை எழுதிய நீலகண்ட சிவன் (1839–1900) பத்மநாபபுரத்தில் வாழ்ந்தவர். எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம்தான். சரி என்று சினிமாப் பாட்டுக்கு மாறினேன். கூலிக்கு வாசிக்கப் போனவன் வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்தபின் கமிட்டிக்காரர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பாடகர் பாடினால் சாகித்தியம், அதாவது பாட்டின் வரி, காதில் விழும்; சரணத்தில் எழுதியவரைக் காட்டும் முத்திரை வரும். சாக்ஸபோனில் அதெல்லாம் இல்லை. ஏற்கெனவே தெரிந்த பாட்டைத்தான் ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். தெரியாத பாட்டு வெறும் சத்தம்.

ஆனால் வாசிக்கிறவனுக்கு வரி தெரிந்தே ஆகவேண்டும். நாதஸ்வரத்தில் துத்துகாரம் என்பார்களே, அதுபோல ரீடில் நாக்கு படுகிற இடம்தான் எங்களுக்கு எழுத்து. வரி தெரியாமல் வாசித்தால் சொல் நடுவில் மூச்சு உடையும். நாதஸ்வரத்தில் துளைமேல் விரலை வழுக்கிக் கமகம் என்கிற ஸ்வர அசைவைப் பிடிக்கலாம். இங்கே துளையை மூடுவது சாவி. அசைவை உதடும் தாடையும்தான் கொடுக்கவேண்டும். 1846-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி முகாரியை நினைத்துச் செய்ததல்ல. சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கிவைத்ததால் நாங்கள் பிழைக்கிறோம்.

அப்புறம்தான் ஒரு வழி தோன்றியது. இரயிம்மன் தம்பியின் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ இந்தப் பக்கம் எல்லோரும் தொட்டிலிலேயே கேட்ட பாட்டு. முதலில் அதை வாசிப்பேன். கூட்டம் தலையாட்டத் தொடங்கியதும் நிறுத்தி, மைக்கைப் பிடித்து, “இவருக்கு ஒரு மகள், குட்டிக்குஞ்சு தங்கச்சி. 1820-இல் பிறந்தவர். கதகளிக்கு ஆட மூன்று ஆட்டக்கதையும் கீர்த்தனங்களும் எழுதியிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு, அவர் கீர்த்தனத்தை எடுப்பேன். நெய்யாற்றின்கரையில் ஒரு பாட்டு டீச்சரிடம் நான்கு மாதம் நடந்து கற்றது அது. மொத்தம் இரண்டுதான் என் கையில் இருக்கின்றன.

“அண்ணாச்சி, பேச்சுக் கச்சேரியா?” என்று தவில்காரர் கிண்டலடிப்பார். அடித்துக்கொள்ளட்டும்.

போன வருஷம் அதே கோயிலில், அதே கமிட்டிக்காரர் தானே மைக்கை வாங்கிக்கொண்டார். “அடுத்ததாக, இரயிம்மன் தம்பியின் தங்கச்சி எழுதிய பாட்டு!” தம்பியும் தங்கச்சியும் அந்தக் காலத்துத் திருவிதாங்கூர்ப் பட்டங்கள், தமிழ்க் காதில் உறவுமுறையாகத்தானே விழும்? ரீடை வாயிலிருந்து எடுத்து, “மகளாக்கும் சாரே” என்றேன். மறுபடி மைக்கில் சொன்னார், இந்த முறை சரியாக.