கத்திரியில் மூன்று கிராபிக்ஸ் கார்டுகள்

2023 மே 6, சனி

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். மதுரையில் இந்த நேரத்தில் வீட்டுக்குள் இன்னோர் அடுப்பை வாங்கி வைக்கிறவனை அம்மா என்ன சொல்வாளோ அதைச் சொல்லிவிட்டாள். ஆர்டிஎக்ஸ் 3060 வந்துவிட்டது. யாரோ விளையாடிக் கழித்த பழைய கார்டுதான், ஆனால் விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. ஆறு ஆண்டுகளாக உழைத்த ஜிடிஎக்ஸ் 1060ஐக் கழற்றி அதன் பெட்டியிலேயே படுக்க வைத்தேன். வீட்டுக் கணினிகளின் உழைப்பை இணையம் வழியே புரத ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் திட்டமான போல்டிங் அட் ஹோமில், போன வாரம் முழுக்க அது செய்த வேலையைக் குறித்து வைத்திருக்கிறேன். அதே கணினி, அதே டிரைவர், கார்டு மட்டும் புதிது. இனி ஒப்பிடலாம்.

மே 9, செவ்வாய்

செய்த வேலைக்குத் திட்டம் தரும் புள்ளிகளின் ஒரு நாள் சராசரியில் புதியது பழையதைப் போல 2.8 மடங்கு. தயாரிப்பாளரின் விவரத்தாளில் 1060க்கு 4.4 டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு இத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு), 3060க்கு 12.7. வகுத்தால் 2.9. இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததில் ஒரே மகிழ்ச்சி. நோட்டில் 'விவரத்தாள் பொய் சொல்லவில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மே 11, வியாழன்

அந்த அடிக்கோட்டை அழிக்க வேண்டும்.

இரண்டு கார்டுகளும் ஒரே புராஜெக்ட் எண்ணில் வேலை செய்த பதிவுகளைத் தேடி எடுத்தேன். ஒரு வேலை ஒரு சதவீதம் நகர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால், 3060க்கு 1060இன் நேரத்தில் பாதி. அதாவது வேகம் இரண்டு மடங்குதான். பிறகு 2.8 எங்கிருந்து வந்தது?

விரைவாகத் திருப்பித் தந்தால் கிடைக்கும் போனஸிலிருந்து. போல்டிங்கில் ஒரு வேலையின் முடிவு வந்தால்தான் அதன் தொடர்ச்சியை அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். அதனால் சீக்கிரம் முடிப்பவருக்குக் கூடுதல் புள்ளி. அந்தக் கூடுதல் வர்க்கமூலக் கணக்கில் ஏறுகிறது. பாதி நேரத்தில் முடித்தால் ஒவ்வொரு வேலைக்கும் 1.41 மடங்கு புள்ளி. ஒரு நாளில் செய்யும் வேலைகளும் இரண்டு மடங்கு. பெருக்கினால் 2.83. நான்கு மடங்கு வேகமான கார்டு எட்டு மடங்கு புள்ளி வாங்கும். புள்ளியை வைத்துக் கார்டுகளை வரிசைப்படுத்துகிறவர்கள் எல்லாரும் இந்தப் பூதக்கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். நானும் இத்தனை நாள் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

விவரத்தாளின் 2.9க்குக் காரணம் வேறு. 3060 தலைமுறையில் கணக்கு அலகுகளில் பாதி, முழு எண் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்த வேலை வரும்போது தசமக் கணக்கு காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு தவறான எண்கள் தற்செயலாகக் கைகுலுக்கியதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன்.

மே 12, வெள்ளி

மதியம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. போனஸ் குறைந்தது.

மே 14, ஞாயிறு

அப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் காலையில் பல் துலக்கும் முன் மீட்டரைப் பார்ப்பார். "தினம் நாலு யூனிட் கூடுதலா ஓடுகிறதே" என்றார். கச்சிதம். 170 வாட், 24 மணி நேரம், 4.08 யூனிட். இரண்டு மாதத்துக்கு 245. மொத்தம் 500ஐத் தாண்டினால் மேலே ஓடியதற்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும் என்பதை அவர் எனக்குச் சிறு வயதிலிருந்தே வாய்ப்பாடு போலச் சொல்லி வருகிறார்.

"இதனால் நமக்கு என்னப்பா கிடைக்கும்?" என்று கேட்டார்.

2010இல் இதே போன்ற இன்னொரு திட்டமான ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஒரு புதிய பல்சாரை, அதாவது துடிப்பு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தது, அது அகப்பட்டது அமெரிக்காவின் அயோவாவிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் இருந்த சாதாரண மனிதர்களின் கணினிகளில் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அவர்கள் ஊரில் யூனிட் என்ன விலை?"

மாலையில் கார்டின் மின்வரம்பை 170இலிருந்து 120 வாட்டுக்கு இறக்கினேன். வேகம் நூற்றுக்குப் பத்துகூடக் குறையவில்லை. மிச்சமாவது நாளுக்கு 1.2 யூனிட். அறையிலும் வித்தியாசம் தெரிகிறது. மூன்று அறுபது வாட் குண்டு பல்புகளில் ஒன்றை அணைத்த மாதிரி. பழைய 1060 முழு வேகத்தில் தின்றதும் இதே 120 வாட்தான்.

மே 21, ஞாயிறு

நண்பன் வீட்டுப் பரணிலிருந்து ரேடியான் ஹெச்டி 7970 ஒன்று இறங்கியது. 2012 ஜனவரியில் கடைக்கு வந்த கார்டு, 250 வாட். "எடைக்குப் போடத்தான் வைத்திருந்தேன்டா" என்றான். துடைத்ததில் ஒரு துணி வீணாயிற்று.

மே 24, புதன்

மில்கிவே அட் ஹோமில் 7970 நான்கு வேலைகளை முடித்த பிறகுதான் 3060 ஒன்றை முடிக்கிறது! ஒன்பது ஆண்டு மூப்புள்ள கார்டு.

மாயம் ஒன்றுமில்லை. நம் பால்வெளி மண்டலம் விழுங்கிய சிறு மண்டலங்களின் நட்சத்திர ஓடைகளை அளக்கும் அந்தத் திட்டத்துக்கு இரட்டைத் துல்லியக் கணக்கு வேண்டும். ஏழு இலக்கம் போதாது, பதினைந்து பதினாறு இலக்கம் வேண்டும். விளையாட்டில் ஒரு சுவரின் நிழலுக்கு அது தேவையில்லை என்பதால் 3060இல் இரட்டைத் துல்லியத்தின் வேகம் ஒற்றையில் 64இல் ஒரு பங்கு. 1060இல் 32இல் ஒரு பங்கு. 7970இல் நான்கில் ஒரு பங்கு! டெராஃப்ளாப்ஸில் சொன்னால் முறையே 0.2, 0.14, 0.95. போல்டிங்கில் இரண்டு மடங்கு ஓடிய 3060, இங்கே தன் அண்ணன் 1060ஐ ஒன்றரை மடங்கு தாண்டவே மூச்சு வாங்குகிறது. மின்சாரத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் கிழவர்தான் முன்னால்.

'எந்தக் கார்டு நல்லது' என்று மேலே எழுதியிருந்த அட்டவணையைக் கிழித்தேன். திட்டத்துக்கு ஒரு தாளாக மறுபடி தொடங்க வேண்டும்.

மே 28, ஞாயிறு

ஐன்ஸ்டைன் தாள். காமா கதிர்ப் பல்சார் தேடலில் 3060 முந்துகிறது, ஆனால் 7970 நான் நினைத்த அளவுக்குப் பின்தங்கவில்லை. நினைவகத்திலிருந்து தரவை அள்ளிக்கொண்டு வரும் வேலை அதிகம். 7970 விநாடிக்கு 264 ஜிகாபைட் அள்ளும், 3060 360, 1060 192. கணக்கு அலகுகள் எத்தனை இருந்தென்ன, வாய்க்கால் அகலம் அவ்வளவுதான்.

ஜூன் 25, ஞாயிறு

மில்கிவேயில் கிராபிக்ஸ் கார்டுகளுக்கான வேலையை இந்த மாதம் நிறுத்திவிட்டார்கள். ஓடைகளைப் பிரித்தறியும் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. மிச்சமுள்ள திட்டம் பிராசஸரில் மட்டும் ஓடும். 2020 மார்ச் 31இல், வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் வேலை கொடுப்பதை நிறுத்தியபோதும் திரையை இப்படித்தான் வெறித்துக்கொண்டிருந்தேன்.

7970ஐக் கழற்றித் துடைத்து நண்பனிடம் கொண்டு போனேன். "எடைக்குப் போட்டுவிடாதே" என்றேன். ஏன் என்று கேட்டான். காரணம் சொல்ல வரவில்லை.

திரும்பி வந்தபோது கணக்கெடுப்பு முடிந்திருந்தது. வெள்ளை அட்டையில் இரண்டு மாதத்துக்கு 487 யூனிட். அப்பா ஒன்றும் சொல்லாமல் அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 3060இன் வரம்பை இன்னும் பத்து வாட் இறக்கியிருக்கிறேன்.