ஐபி அட்ரஸ் கொடுத்த அண்ணாச்சி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், வருஷம் 2015. ஜியோ வருவதற்கு முந்தைய காலம். 1 ஜிபி டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் தெண்டம் அழுதுவிட்டு, அதை மாசம் முழுக்க இழுத்து ஓட்டுவோம். வாட்ஸ்அப்பில் எவனாவது குட்மார்னிங் வீடியோ அனுப்பினால் அடிக்கப் போவோம். அந்த நேரம் பார்த்து லைப்ரரியில் வைஃபை போட்டார்கள். அதுவரை நோ-டியூஸ் கையெழுத்துக்கு மட்டும் லைப்ரரி பக்கம் எட்டிப் பார்த்தவர்கள், காலையிலேயே கேட் ரிஜிஸ்டரில் வரிசை கட்டினார்கள்.

ஹால் முழுக்க இரும்பு ரேக். வைஃபை அலை இரும்பைத் தாண்டாது. ரூட்டர் கண்ணுக்கு நேராகத் தெரிகிற ஒரே மூலை, ஐ.எஸ். கோடு புத்தகங்கள் இருக்கும் மூலைதான். ஐ.எஸ். 456 என்றால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிமுறை. சிவில் பசங்களே பரீட்சை வந்தால்தான் அதைத் தேடுவார்கள். இப்போதோ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள்கூட அதை மடியில் விரித்துக்கொண்டு, அடியில் போனை வைத்துக் குனிந்திருந்தார்கள். லைப்ரரியன் மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த தடவை புத்தகம் வாங்கும்போது அதே கோடு புத்தகம் கூடுதலாக வந்து இறங்கியது. யாரும் வாயைத் திறக்கவில்லை. உட்கார இடம் கிடைத்தால் போதாதா?

பத்தரை மணி தாண்டினால் வேறு வம்பு. சிக்னல் முழுசாக இருக்கும். ஆனால் போனில் 'ஐபி அட்ரஸ் பெறப்படுகிறது' என்று சுற்றிக்கொண்டே நிற்கும். விஷயம் இதுதான். நெட் வர ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர் தனியாக ஒரு நம்பர் கொடுக்கணும், அதுதான் ஐபி அட்ரஸ். அந்த மாதிரிச் சின்ன ரூட்டர் மிஞ்சிப் போனால் 253 அட்ரஸ்தான் கொடுக்கும். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப். அட்ரஸ் வாங்கினவன் கிளாஸுக்குப் போனாலும், பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் மாதிரி, குறித்த கெடு முடியும்வரை அந்த அட்ரஸ் அவன் பேரில்தான் இருக்கும்.

நெட்வொர்க்கிங் பாடம் எடுத்த சாருக்கே இது பிடிபடவில்லை. பிடித்தவர் லைப்ரரி அட்டெண்டர் அண்ணாச்சி. ஸ்டூலில் ஏறி ரூட்டர் பிளக்கைப் பிடுங்கி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, சாவகாசமாகத் திருப்பிச் சொருகுவார். ரூட்டருக்குப் பழைய கணக்கெல்லாம் மறந்துபோகும். உள்ளே இருப்பவனுக்கு அட்ரஸ் கிடைக்கும். "ஏலே, எல்லாருக்கும் வந்துட்டா?" என்று பந்தியில் சாம்பார் விசாரிப்பது போலக் கேட்பார்.

மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று லைப்ரரியில் கால் வைக்க இடமில்லை. ஒருத்தனுக்கும் கனெக்ட் ஆகவில்லை. அண்ணாச்சி வந்தார், பிடுங்கினார், சொருகினார். முதல் அட்ரஸ் அவர் சட்டைப்பையில் இருந்த போனுக்கே போய்விட்டது. எங்கள் போன்கள் ஒன்றையொன்று முண்டியடித்துக்கொண்டு சுற்றின.

"இருங்கலே, நானே பாத்துச் சொல்லுதேன். நம்பரைச் சொல்லு."

பன்னிரண்டு இலக்க ரிஜிஸ்டர் நம்பரை ஒவ்வொருத்தராக ஒப்பித்தோம். மெல்லிசாகச் சொல்லத் தெரியாத மனுஷன். "தம்பி, ரெண்டு யூ கிடக்கு, ரெண்டுலயும் ஃபெயிலு. பாப்பா, நீ எல்லாம் பாஸ், தள்ளி நில்லு, காத்து வரட்டும்." அரியர் விழுந்தவன் பெயரை லெண்டிங் ஸ்லிப்பின் பின்பக்கம் பேப்பர்வாரியாக எழுதிக்கொண்டே போனார். எதற்கென்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

சத்தம் கேட்டு ஹெச்.ஓ.டி. உள்ளே வந்தார். கூடவே இன்னும் இரண்டு மூன்று வாத்தியார்கள். திட்ட வந்தவர் ஸ்லிப்பைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "பாஸ் பர்சன்டேஜ் எப்படி?" என்றார். அவருக்கும் நெட் வரவில்லை போல.

அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மத்ததெல்லாம் தேறிரும் சார். எம்-த்ரீ கணக்குலதான் பாதிப் பேரு அவுட்டு. வாத்தியார மாத்துனாத்தான் விடியும்."

எம்-த்ரீ எடுத்தவர் ஹெச்.ஓ.டி.க்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.