நெடுந்தீவில் கமராவோடு: வெயில் சரிந்த பிறகுதான் கல்வேலி

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவைப் படம் எடுக்க விரும்புகிறவர் அங்கே ஒரு இரவாவது தங்க வேண்டும். இதுவரை எடுத்த படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்பினால் கையில் கிடைப்பது உச்சி வெயில் மட்டும். அங்கே தரை, வேலி, கோட்டை எல்லாமே வெளிறிய பவளக்கல். சூரியன் உச்சியில் நிற்கும்போது அந்த வெண்மையில் மேடு பள்ளம் ஒன்றும் பிரிந்து தெரியாது. தீவு இருப்பது வட அகலாங்கு ஏறக்குறைய 9.5 பாகையில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் ஆளின் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகப் படகேறும் துறையான குறிகட்டுவான். பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். படகில் கமராவைப் பையை விட்டு எடுப்பதில்லை. உப்புத் தூறல் பட்ட வில்லையை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில், 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுத்தூபி இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டுப் போவேன். அந்த இடத்தில் கமராவைத் தூக்க மனம் வருவதில்லை.

இனி கல்வேலி. நான் நெடுந்தீவுக்குத் திரும்பத் திரும்பப் போவதே இதற்காகத்தான். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல், கல்லுக்குக் கல் பொருத்தம் பார்த்து அடுக்கிய வேலிகள் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடுகின்றன. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வெயில் பக்கவாட்டில் விழத் தொடங்கும்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் பவளம் உயிரோடிருந்த காலத்துக் கண்கள் அப்படியே இருக்கின்றன: சிறு வட்டம், அதற்குள் நடுவை நோக்கி மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகளுக்கு இடையில் நிழல் நிற்கிற நேரம் மிகக் கொஞ்சம். முக்காலியைத் தாழ்த்தி வேலியின் உயரத்துக்கே கொண்டுவந்து, எஃப் 11 (வில்லையின் துளையைச் சிறிதாக்கும் அளவு), ஐஎஸ்ஓ 100 (குறைந்த ஒளியுணர்திறன்) வைத்து எடுத்தவைதான் இப்போது எனக்குப் பிடித்த படங்கள். படச்சட்டம் முழுக்க வெள்ளைக் கல்லாக இருந்தால் கமரா அதைச் சாம்பல் ஆக்கிவிடும். ஆகவே ஒளியை முக்கால் ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பு) அளவு கூட்டி, படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலப்பக்கச் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அகல வில்லையோடு, வானத்தைக் கருநீலமாக்கும் வடிகட்டியான போலரைசரைப் பூட்டுவதை விட்டுவிட்டேன். வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் வந்து கண்ணை உறுத்துகிறது.

ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாட்டுக்கும் இதே ஒளிதான். பெருக்குமரம் (பாவோபாப்) மட்டும் விலக்கு. ஆபிரிக்காவைச் சொந்த மண்ணாகக் கொண்ட அந்த மரத்தின் அடியில் ஆள் நுழையக்கூடிய பொந்து இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தும்போது தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் உள்ளே போய்ப் பட்டையின் மடிப்புகளைக் காட்டும். அதனால் நண்பகலை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

குதிரைகளுக்குப் பொறுமை வேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்தவை இன்று கட்டாக்காலியாகப் புல்வெளியில் மேய்கின்றன. நான் கமராவோடு அவற்றை நோக்கி நடந்ததைப் பார்த்த ஒரு ஐயா கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கிட்டப் போகாதேங்கோ, அதுகள் வெருண்டு ஓடிடும். பொழுதுபட முந்தித் தண்ணிக்கு வருங்கள், அங்கை இருந்து பாருங்கோ." அவர் காட்டிய நீர்நிலைக்குத் தள்ளி, காற்று என் பக்கம் வீசுகிற இடத்தில் 300 மில்லிமீற்றர் வில்லையோடு குந்தியிருந்தேன். பெண்குதிரை முதலில் வந்தது. ஒரு காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே குடித்தது. பிறகு குட்டி. கடும் வரட்சியில் தண்ணீரின்றிக் குதிரைகள் செத்துப்போவதுண்டு என்பதால், அவை குடிக்கிற நேரத்தில் குறுக்கே போய்ப் படம் எடுக்கவே கூடாது என்று நினைக்கிறேன். நல்ல படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தெற்கு முனையிலுள்ள குவிந்தா கோபுரம் இன்னும் எனக்குச் சரியாக அமையவில்லை. கப்பல்களுக்கு வழிகாட்ட நெருப்பு எரித்த கோபுரம் என்கிறார்கள். சுற்றிவர வெட்டவெளி, கிடைமட்டமாக எடுத்தால் முக்கால்வாசி வெறும் வானம். மாரி மழை விட்டு, வெளியில் புல் பச்சை பிடித்து, மேகமும் மிச்சமிருக்கிற தை மாதத்தில் விடிய முதல் அங்கே போய் நிற்பதாகத் திட்டம். தங்குமிடத்துக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். சைக்கிளும் அவர்களே தருவார்கள்.