டெவன்ஷயர் குடும்பமும் மரண வரியும்

மே 4, ஞாயிறு

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்க்கத்தான் கிளம்பினேன். கூட்டம் தாங்கவில்லை. அதனால் முதலில் பக்கத்துக் கிராமத்துத் தேவாலயத்துக்குப் போய்விட்டேன். அந்த மாளிகையில் வாழ்ந்துவரும், டெவன்ஷயர் டியூக் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்ற கேவண்டிஷ் குடும்பத்தாரைப் புதைத்த இடம் அங்கே சரிவின் மேல்பகுதியில் இருக்கிறது. நான் எதிர்பார்த்த ஆடம்பரம் எதுவும் இல்லை. ஒரு கல்லில் அந்த வீட்டு மருமகள் கேத்லீன் கென்னடியின் பெயர். அதன் கீழே "மகிழ்ச்சியைத் தந்தாள், மகிழ்ச்சியை அடைந்தாள்" என்ற பொருளில் ஒரு வரி. தரையில் பதித்த சின்னப் பலகையில் இன்னொரு செய்தி: அவளுடைய அண்ணன் ஜான் கென்னடி 1963 ஜூன் 29 அன்று இங்கே வந்தார். அப்போது அவர் அமெரிக்க அதிபர். அந்த நவம்பரில் சுடப்பட்டார்.

மே 6, செவ்வாய்

1944இல் இதே தேதியில்தான் கேத்லீனுக்குக் கல்யாணம், லண்டன் செல்சி பதிவு அலுவலகத்தில். பெண் கத்தோலிக்கம், கேவண்டிஷ் வீட்டு மாப்பிள்ளை பில்லி ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். பெண்ணின் அம்மா ரோஸ் கடைசிவரை மனம் இறங்கவில்லை. பெண் வீட்டு சார்பில் வந்து நின்றது மூத்த அண்ணன் ஜோ மட்டும். ஆகஸ்டில் ஜோ போர் விமானத்தோடு வெடித்துச் சிதறினார். செப்டம்பரில் பில்லி பெல்ஜியத்தில் சுடப்பட்டு இறந்தார். 1948இல் கேத்லீனும் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தாள்.

பில்லிதான் டியூக் பட்டத்துக்கு உரிய மூத்த மகன். அவர் போனதும், அதை நினைத்தே பார்த்திராத தம்பி ஆண்ட்ரூ வாரிசானார்.

மே 10, சனி

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். பில்லி, ஆண்ட்ரூவின் அப்பா எட்வர்ட், பத்தாவது டியூக், 1946இல் சொத்தைக் குடும்பத்துக்கு மாற்றி எழுதிவைத்தார். அதன்பின் ஐந்து வருடம் உயிரோடு இருந்துவிட்டால் மரண வரி, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரி, கிடையாது. 1950 நவம்பர் 26, ஈஸ்ட்போர்ன் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர் மாரடைப்பில் விழுந்தார். வயது 55. கெடு முடிய சில மாதம்தான் பாக்கி. வரி 80 சதவீதம்!

அவரைப் பார்த்த டாக்டர் ஜான் பாட்கின் ஆடம்ஸ். பிற்பாடு ஒரு மூதாட்டியைக் கொன்றதாக வழக்கில் சிக்கி 1957இல் விடுதலையானவர். வம்பளப்பவர்கள் சும்மா விடுவார்களா? டியூக் சாவில் அவர்மேல் எதுவும் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான்.

வரிக்கு ஈடாக எலிசபெத் காலத்து ஹார்ட்விக் மாளிகையையே அரசிடம் கொடுத்தார்கள். ஓவியர் ஹோல்பைன் மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்த மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆளுயரப் படமும் போனது. வரியைக் கட்டி முடிக்க 1967 ஆனது. அதன்மேல் ஏறிய வட்டி தீர 1974. ஐயோ பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. டியூக் வீட்டுக்குள் இருந்த அந்த ஹென்றியை இப்போது லண்டனில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.

மே 11, ஞாயிறு

மறுபடி போய் மாளிகைக்குள்ளும் பார்த்துவிட்டேன். ஆண்ட்ரூவின் மனைவி டெபோரா, அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்ட மிட்ஃபோர்டு சகோதரிகளில் கடைக்குட்டி, இல்லாவிட்டால் இதுவும் கைமாறியிருக்கும் என்பது என் கணிப்பு. கோழி வளர்ப்பில் பைத்தியம். பண்ணைக் கடை திறந்து கல்லாவைக் கவனித்த சீமாட்டி. 1981இல் மாளிகை ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்குப் போனது. இப்போது குடும்பம் அங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது. டிக்கெட் விலைதான் கொஞ்சம் கடிக்கிறது.