மச்சானின் பாக்கெட் டைரி கோர்ட்டுக்குப் போன கதை

2022 செப்டம்பரில் என் அக்காவின் கணவர், மச்சான், இறந்தார். கொத்தனார். வேலை முடிந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் திரும்பிக்கொண்டிருந்தவரை, மதுரை – தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. பையன் ஏழாவது, பொண்ணு நாலாவது படித்தார்கள். மச்சானின் அம்மாவும் அக்காவோடுதான் இருந்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கோர்ட் படி ஏறியதில்லை.

பிணவறை வாசலில் நின்றபோதே ஒருவர் வந்து என் தோளில் கை போட்டார். "காரியச் செலவுக்கு இப்பவே பத்தாயிரம் தர்றேன் தம்பி. அக்காகிட்ட நாலு கையெழுத்து மட்டும் வாங்கிக் குடு." கையில் எதுவும் எழுதாத வக்காலத்துத் தாள்கள், வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள்கள். விபத்துக்கு வரும் நஷ்டஈட்டில் கால் பங்கு அவர்களுக்காம். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேரம் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடை செய்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அக்கா மயங்கிக் கிடந்தாள், கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. அதனால் தப்பித்தோம். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால், தயவுசெய்து அந்த வாசலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் செய்த பெரிய தப்பு வேறு. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக் காட்டிய புகாரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். "நிலைதடுமாறி விழுந்ததில், பின்னால் வந்த லாரியில் சிக்கி" என்று அதில் இருந்தது. லாரி இடித்ததாக ஒரு வார்த்தை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து முதல் தகவல் அறிக்கையைக் கையில் வாங்கியபோதுதான் பார்த்தேன், உடம்பெல்லாம் நடுங்கியது. சாலையோர டீக்கடைக்காரர் நேரில் பார்த்தவர். லாரி நம்பரை சிகரெட் அட்டையில் குறித்துவைத்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனேன். வாக்குமூலம் பதிவானது. எக்ஸ்எல்லின் பின்பக்கம்தான் நசுங்கியிருக்கிறது என்று மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையும் சொன்னது. கடைசியில் லாரி டிரைவர் மேல் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 279, 304(ஏ) (அஜாக்கிரதையாக ஓட்டியது, அதனால் உயிர் போனது) பிரிவுகளில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஆனாலும் அந்த ஒரு வரி எங்களை இரண்டு வருஷம் துரத்தியது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. மகளிர் குழு அக்கா ஒருவர்தான் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே கேட்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டத்திலேயே இருக்கிறது. 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். எங்களுக்கு வந்த பேனல் வக்கீல் அம்மா முதலில் கேட்டது விபத்துத் தேதியைத்தான். 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் நஷ்டஈடு கேட்டு மனுப் போட வேண்டும் என்றார். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கே இரண்டு மாதம் போயிருந்தது. 2023 பிப்ரவரியில் எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது விபத்து நஷ்டஈட்டு வழக்கின் எண், விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே இரண்டு கேள்விகளில் வந்து நின்றது: மச்சானுக்கு என்ன வயசு, என்ன சம்பாதித்தார்.

ஆதாரில் பிறந்த தேதி 1-1-1981. கார்டு எடுத்தபோது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. பள்ளி டி.சி.யில் 1984. மூன்று வருஷத்தில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். வக்கீல் அம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாதம் 15,000 என்று வைத்தால், 40 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு எதிர்கால வருமானமாக 40 சதவீதம் கூடும், 21,000. நம்பியிருப்பவர்கள் நாலு பேர், அதனால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும், 15,750. வருஷத்துக்கு 1,89,000. அதை வயசுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 38 வயசுக்கு அந்தப் பெருக்கு எண் 15. ஆக 28,35,000. ஆதார்படி 41 வயசு என்றால் 25 சதவீதம்தான் கூடும், பெருக்கு எண்ணும் 14 ஆகிவிடும், 23,62,500. பிள்ளைகளின் நாலே முக்கால் லட்சம் அந்த டி.சி.யில் இருந்தது. அவர் படித்த பள்ளிக்கு மூன்று தடவை நடந்து சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் வாங்கினேன். வழக்கு நடக்கும்போதே, 2024 அக்டோபரில், இதே மாதிரி ஒரு விபத்து வழக்கில், ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது, பள்ளிச் சான்றையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியது. அன்று ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது.

வருமானத்துக்கு எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை அவர் கொத்தனார் என்று சொல்லும், கூலி எவ்வளவு என்று சொல்லாது. தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே, மட்டப்பலகையும் கரண்டியும் கிடந்த பையில் அந்த டைரி கிடைத்தது. சிமெண்ட் கடையில் பொங்கலுக்குக் கொடுக்கிற பாக்கெட் டைரி. வேர்வையும் சிமெண்டுத் தூசியும் சேர்ந்து பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. அக்கா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழியாமல் பிரித்தாள். நாள், யார் வீட்டு வேலை, கூலி, வாங்கிய அட்வான்ஸ், பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோடு. மேஸ்திரியும் சாட்சி சொல்ல வந்தார், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு.

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி தரப்பு வக்கீல் டைரியைத் தூக்கிக் காட்டி அக்காவிடம் கேட்டார்: "இது வழக்குக்காக நீங்களே எழுதினதுதானே?"

"எனக்கு எழுதத் தெரியாதுங்க சார். என் பேரு மட்டும் போடுவேன். அதுவும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

கோர்ட்டில் சத்தமே இல்லை. நீதிபதி டைரியை வாங்கி நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தார்.

நடுவில், சமரசமாகப் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில், இன்சூரன்ஸ்காரர்கள் 14 லட்சம் தருகிறோம் என்றார்கள். அந்த "நிலைதடுமாறி" வரியைக் காட்டி, பாதித் தப்பு மச்சானுடையது என்றார்கள். அங்கே முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. சம்மதிக்காவிட்டால் வழக்கு இருந்த இடத்துக்கே திரும்பிவிடும், வேறு நஷ்டம் இல்லை. சொந்தக்காரர்கள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அக்காதான் மறுத்தாள். "பணம் கொறஞ்சாக்கூடப் பரவால்ல தம்பி. அவரு மேல தப்புன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

2025 ஜனவரியில் தீர்ப்பு. டீக்கடைக்காரரின் சாட்சியத்தை ஏற்று, முழுத் தவறும் லாரி டிரைவருடையது என்றார்கள். கூலி 900 என்று டைரியில் இருந்தாலும், எல்லா நாளும் வேலை இருக்காது என்று மாதம் 15,000தான் எடுத்துக்கொண்டார்கள். வயசு 38. மனுப் போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. பிள்ளைகளின் பங்கு 18 வயதாகும்வரை வங்கியில் வைப்புநிதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அக்கா எடுத்துக்கொள்ளலாம்.

பணம் வந்த பிறகும் அக்கா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "அந்த டைரியத் தருவாங்களா?" மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும், அசல் ஆவணத்தைத் திரும்பக் கேட்டு வக்கீல் அம்மா ஒரு மனுப் போட்டார். அட்டையில் கோர்ட் முத்திரையோடு டைரி வந்தது. கடைசியாக எழுதியிருந்த வாரத்தில் மூன்று நாள் கூலி பாக்கி. அதை மேஸ்திரி பதினாறாம் நாளே வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் "வரவு" என்று எழுதச் சொல்லி அக்கா பேனாவைப் பையனிடம் நீட்டினாள்.